நர்ஸம்மாவின் பெட்ரோல்

பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் நர்ஸம்மா கைப்பையிலிருந்து முதலில் எடுப்பது பணம் அல்ல, ஒரு துண்டு வெள்ளைக் காகிதம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கால்வாசியாகக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார். குழாய் பிடிக்கிறவரிடம் அதை நீட்டி, ஒரே ஒரு சொட்டு விடச் சொல்வார். பிறகு ஊதாமல், விசிறாமல், காகிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். பின்னால் நாலு மொபெட்டும் ஒரு ஜீப்பும் நின்றாலும் சரி, காத்திருக்க வேண்டியதுதான். சொட்டு காய்ந்து, விழுந்த இடமே தெரியாமல் போனால் டேங்க் மூடியைத் திறப்பார். எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி ஒரு வட்டம் தங்கிவிட்டால், மூடியைத் தொடமாட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போனாலும் போவாரே தவிர, அதை ஊற்றமாட்டார். கிருஷ்ணாயில் கலந்த பெட்ரோல் அப்படித்தான் வட்டம் போடும் என்பது அவர் கணக்கு.

கள்ளக்குறிச்சியில் அவர் வழக்கமாகப் போடுகிற பங்க்கை ஒரு பாய் நடத்திவந்தார். நல்ல மனுஷர். அவர் ஒரு நாள் மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டார். “ஏம்மா, இத்தினி வருசத்துல நம்ம பங்க்குல ஒரு வட்டம் வுழுந்துதா? இன்னும் எதுக்கும்மா இந்தக் காயிதம்?”

“உங்கள சொல்லல பாய். உங்க கைக்கு வர்றதுக்கு முன்ன எத்தினி கை மாறி வருது. அது உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

 அதன்பின் பாயே காகிதம் காய்கிற வரை பக்கத்தில் நின்று பார்ப்பார். காய்ந்ததும் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, நர்ஸம்மா பாஸ் போட்டுட்டாங்க, வாங்க என்று கூப்பிடுவார்.

டேங்கர் லாரி வந்து இறக்கிய அன்றைக்கு மட்டும் பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது. தொட்டியின் அடியில் கிடக்கிற கசடெல்லாம் கலங்கியிருக்கும், தெளியட்டும், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுவார்.

நர்ஸம்மா எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கல்வராயன் மலையின் அடிவாரம். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம். வெள்ளைச் சேலை. அது வேலைக்கான உடுப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் அதையே கட்டியதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்பது புரிந்தது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெயரைச் சொல்லியும் ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. நர்ஸம்மாதான்.

அவரிடம் ஒரு நீலநிற ஸ்கூட்டர் இருந்தது. வாரத்தில் நாலு நாள் அதில் வெள்ளிமலைக்கு ஏறுவார். பின்னால் தடுப்பூசிப் பெட்டி, முன்னால் கொக்கியில் ஒரு துணிப்பை. பைக்குள் குளுக்கோஸ் ஏற்றிய பின் மிச்சமாகும் கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் தளும்பும். அது நாலாய் மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, அடியில் தண்ணீர் முத்து உருள்கிறதா என்று பார்த்து, பிறகு அளவு பார்த்து ஆயில் கலந்து, கார்க் போட்டு இறுக்கிய பெட்ரோல். வழியில் ஆபத்துக்கென்று வைத்திருந்தது. நான் பார்த்தவரை இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை, ஆனால் மாதா மாதம் பழசை டேங்கில் ஊற்றிவிட்டுப் புதுசு நிரப்புவார். பழைய பெட்ரோலுக்கு உயிர் போய்விடுமாம்.

வண்டிச் சத்தத்திலும் அவருக்கு அதே கவனம். மலை ஏறும்போது எஞ்சின் தலைக்குள் யாரோ கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும், அது வந்தால் ஊற்றிய பெட்ரோல் சரியில்லை என்பார். ஒரு தடவை அந்தச் சத்தம் வருகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்து, நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயைக் காதில் மாட்டி, எஞ்சினின் மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன என் சித்தப்பா நின்று, “இன்னாம்மா, எத்தினி மாசம்?” என்று கேட்டார். நர்ஸம்மா தலை நிமிராமல், “கம்முனு இருங்க, துடிப்பு கேக்கல” என்றார். ஊர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தது.

மெட்ராஸ் பெட்ரோல் கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து பங்க்கில் கிடைப்பது எண்பத்தேழு ஆக்டேன் என்றும், மெட்ராஸில் தொண்ணூற்று மூன்று என்று ஒன்று கிடைக்கிறது, அது உசத்தி, விலை ஜாஸ்தி என்றும் பேச்சு. நைனார்பாளையத்து ரைஸ்மில்காரர் ஒருவர் புது ஸ்கூட்டர் வாங்கினார். அந்த வண்டிக்கென்று மெட்ராஸிலிருந்து ஒரு கேன் தொண்ணூற்று மூன்று வரவழைத்து, ஊர்கோலம் மாதிரி சுற்றிக் காட்டினார். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தவர் நர்ஸம்மா. அந்த நன்றிக்கு இரண்டு லிட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நர்ஸம்மா முகர்ந்து பார்த்தார். காகிதத்தில் சொட்டு விட்டுப் பார்த்தார். சுத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஏம்மா, நல்ல சரக்கும்மா. காசா கேட்டேன்?”

“சரக்கு நல்லதுதாங்க. என் வண்டிக்கு அது வேணாம். காய்ச்சல் மாத்திர ஒண்ணு போட்டா போதும்னா ஒண்ணுதான். நாலு போட்டா நாலு மடங்கா சீக்கிரம் எறங்கிடுமா? எஞ்சினு எவ்ளோ அழுத்துதோ அதுக்கு ஏத்த பெட்ரோலு. இது அவ்ளோ அழுத்தற வண்டி இல்ல. எண்பத்தேழே போதும், அது சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்.”

மில்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் வண்டியும் அதே வண்டிதான்.

தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டார். ரிஷிவந்தியம் கோயிலில் எங்கள் வீட்டு வேண்டுதலாக வருஷத்துக்கு ஒரு தடவை அர்த்தநாரீஸ்வரருக்குத் தேன் அபிஷேகம் செய்வோம். சுவாமிக்குப் போகிற தேனில் வெல்லப்பாகு கலந்திருக்கக்கூடாதே என்று அம்மாவுக்குப் பயம். தேனையும் காகிதத்தில் விட்டுப் பார்ப்பார்களே என்று, சொம்பை எடுத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனாள். அவர் சொம்பைத் தொடவில்லை. எனக்குப் பெட்ரோல் தெரியும், தேன் தெரியாது, சாமி காரியத்தில் அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று சொல்லி, அடுத்த நாள் மலையிலிருந்து தேன் எடுக்கிறவரையே ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார்.

இப்படிப்பட்டவருடைய டேங்கில்தான் நான் சூடத்தைப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வடமாவட்டங்களில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊரிலிருந்தும் போனார்கள். கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மறியல் தேதி வருவதற்கு முன்பே என் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. பெண் வீடு சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்பது பெண்ணின் அம்மாவுடைய வேண்டுதல். ஆவணியின் கடைசி முகூர்த்தம், காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் புரட்டாசி, அதில் கல்யாணம் இல்லை. ஏற்கெனவே எங்கள் பெரியப்பா இறந்ததால் ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. இரண்டாம் தடவை தள்ளினால் ராசியில்லாத சம்பந்தம், முறை மாப்பிள்ளையே இருக்கிறான், அவனையே கட்ட வைத்துவிடலாம் என்று பெண்ணின் மாமன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் சீர்வரிசையோடு இரண்டு நாள் முன்பே போய்விட்டார்கள். கள்ளக்குறிச்சி ஆசாரியிடம் தாலியை வாங்கிக்கொண்டு மறுநாள் நான் போவதாக ஏற்பாடு. தாலியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு பொழுது சாயும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பஸ் இல்லை. ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். விடிந்ததும் சைக்கிளில் போகலாம் என்றால், அன்று காலை அப்படிப் போன இரண்டு பேரைப் போலீஸ் நிறுத்தி, விசாரித்து அனுப்பச் சாயங்காலம் ஆகிவிட்டதாம். எனக்குச் சாயங்காலம் ஆனால் என் பெண்டாட்டி இன்னொருவன் பெண்டாட்டி. வயல் வழியாக நடந்தே ஊர் திரும்பினேன்.

விடியற்காலை நர்ஸம்மா வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மலையில் தடுப்பூசி நாள். ஆஸ்பத்திரி வண்டி என்று யாரும் மறிப்பதில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிமலை ஏறி, சேராப்பட்டு வழியாக அந்தப் பக்கம் இறங்கினால் சங்கராபுரத்துப் பக்கம் போய்விடலாம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பங்க் மூடி இரண்டு நாள், டேங்கில் பாதிதான் இருக்கிறது, ஆனால் சுத்தமான பெட்ரோல், போதும் என்றார். பெட்டியை எடுத்துவர உள்ளே போனார்.

நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி. பிள்ளையாரப்பா என்று ஹெட்லைட்டுக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். பொட்டலத்தில் மூன்று கட்டி மிச்சம் இருந்தது. டேங்கில் சூடம் போட்டால் வண்டி பறக்கும் என்று லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாமிக்கு ஏற்றது, வண்டிக்கும் நல்லது. சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து மூன்றையும் போட்டு மூடிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் காகிதத்தை எடுப்பார், நேரமாகும் என்று நினைத்தேன்.

மடியில் தடுப்பூசிப் பெட்டி, தலையில் உருமா, இடுப்பில் தாலி. ஒரு அம்மாவின் பின்னால் மாப்பிள்ளை உட்கார்ந்து போவதைப் பார்த்து, களத்தில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் நாலு வளைவு ஏறுவதற்குள் வண்டி இழுக்க மறுத்தது. திணறியது. ஐந்தாவது வளைவில் நின்றேவிட்டது.

நர்ஸம்மா இறங்கினார். பக்கத்து மூடியைக் கழற்றி, பெட்ரோல் வருகிற சின்னத் துளையுள்ள திருகாணியைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடைத்திருந்தது. வெள்ளையாக, மெழுகு மாதிரி. விரலில் எடுத்து முகர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது சூடம்.”

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“எத்தினி போட்ட?”

“மூணும்மா.”

“சாமிக்கு எத்தினி காட்டுன?”

“ஒண்ணும்மா.”

“சாமிக்கு ஒண்ணு, வண்டிக்கு மூணா? கடையில விக்கிற சூடம் பாதி மெழுவு, தம்பி. சாமி பொறுத்துக்குவாரு. வண்டி பொறுத்துக்குமா?”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாறையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பனே பிள்ளையாரே, உன்னை நம்பித்தானே போட்டேன் என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

டேங்கில் இருக்கிறதை வடிகட்டி ஊற்றலாமே என்று கேட்டேன். கரைந்து கலந்ததை எந்தத் துணி பிரிக்கும் என்று கேட்டார். பெட்ரோலுக்கு நாடு முழுக்க அலைகிற நேரத்தில், பாதி டேங்கையும் குழாயைக் கழற்றி மண்ணில் விட்டார். மலைக் காற்றில் கோயில் வாசனை அடித்தது. துளையில் சேலையிலிருந்து உருவிய நூலை விட்டு இழுத்து, வாயால் ஊதிச் சுத்தம் செய்தார். பிறகு துணிப்பையிலிருந்து அந்தக் கண்ணாடி பாட்டிலை எடுத்தார். அரை லிட்டருக்குச் சற்று கூட இருக்கும்.

இது ஏறுவதற்கு மட்டும்தான் காணும், இறங்குவதற்கு எஞ்சின் வேண்டாம், மலையே இறக்கிவிடும் என்று கணக்குச் சொன்னார். சொன்னது போலவே நடந்தது. செங்குத்தான இடங்களில் நான் இறங்கிப் பெட்டியோடு ஓடினேன். வெள்ளிமலையில் பெட்டியை உதவியாளரிடம் கொடுத்து, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், அதுவரை பிள்ளைகளை உட்கார வை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சேராப்பட்டு தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் எஞ்சினை நிறுத்தினார். காற்றுச் சத்தமும் குருவிச் சத்தமும் மட்டும்தான். பிரேக் சூடேறி வாடை வரும்போதெல்லாம் நிறுத்தி, ஓடைத் தண்ணீரைச் சேந்தி பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுகிற வரை காத்திருப்பார். சூட்டில் சட்டென்று தண்ணீர் ஊற்றக்கூடாதாம், முகத்தைக் கழுவிக்கொள்ளத்தான் அந்தத் தண்ணீர். நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன்.

அடிவாரத்தில் சமதரைக்கு வந்ததும் பாட்டில் பெட்ரோல் ஒரு பர்லாங்கு இழுத்து, தீர்ந்தது. எதிரே பெரிய புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. மரத்தின் மேல் பத்துப் பையன்கள், இருபது இருபத்திரண்டு வயதுக்காரர்கள், உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்பதே முக்கால். பெண் ஊருக்கு இன்னும் இரண்டு மைல்.

ஆஸ்பத்திரி வண்டி என்றதும் வழி விட எழுந்தார்கள். பிறகு என் உருமாவைப் பார்த்தார்கள்.

“யோவ் மாப்ள, ஊசி போட இட்டுகினு போறாங்களா, தாலி கட்டவா?”

நர்ஸம்மாவே விவரம் சொன்னார். முறை மாப்பிள்ளை காத்திருக்கிறான் என்றதும் அத்தனை பேரும் மரத்திலிருந்து குதித்துவிட்டார்கள். ஸ்கூட்டரை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவன் ஓடிப்போய், பெட்டிக்கடையிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோலை வாங்கிவந்தான். என் உயிரே வந்த மாதிரி இருந்தது.

நர்ஸம்மா முகர்ந்தார். காகிதம் தீர்ந்திருந்தது. என் சட்டைப்பையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதைப் பிடுங்கி, எழுத்தில்லாத பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார். அத்தனை பேரும் குனிந்து பார்த்தோம். காய்ந்தது. வட்டம் தங்கியது.

“வேணாம்.”

“அம்மா, ரெண்டு மைல்தானேம்மா” என்று கெஞ்சினேன். “ஒரே ஒரு தடவம்மா.”

“இந்த வண்டி மத்தியானமே திரும்ப மலைக்கி ஏறணும் தம்பி. நீ ஒரு நாளு மாப்ள. அங்க வாரத்துக்கு நாலு நாளு புள்ளைங்க காத்துகினு இருக்குது.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிமிஷம் அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. ஆனால் மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவன் ஒருவன், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டே சொன்னான்: “அதுக்கு இன்னாம்மா, பெட்ரோலு நாங்க. ஏறி ஒக்காருங்க ரெண்டு பேரும்.”

நாலு பேர் மரத்தில் காவல் இருக்க, ஆறு பேர் தள்ளினார்கள். ஓட்டமாகத் தள்ளினார்கள். நர்ஸம்மா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஆரன் அடித்துக்கொண்டே வந்தார். மேளக்காரர்கள் சத்தம் கேட்டபோது மணி பத்தே கால். கோயில் வாசலில் பட்டு வேட்டி கட்டி ஒருவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், “வந்துட்டாரா? அப்பாடா, நான் சாப்புடப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனான். அவன்தான் முறை மாப்பிள்ளை. அவனுக்கு வேறு இடத்தில் மனசு இருந்தது பிற்பாடு தெரிந்தது. அவன் மொபெட்டிலிருந்துதான் நர்ஸம்மா திரும்புவதற்குப் பெட்ரோல் கிடைத்தது.

பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கத் தாலி கட்டினேன். மறியல் பையன்கள் ஆறு பேரும் முன்வரிசையில் நின்று பூப் போட்டார்கள்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அட்சதை போட்டபோது, நான் கண்ணால் தேடினேன். நர்ஸம்மா பந்தலுக்கு வெளியே, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டாள். பெண் வீட்டு அத்தை ஒருத்தி அந்த வெள்ளைச் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“கையெல்லாம் பெட்ரோல் வாடங்க. நல்ல காரியத்துல எதுக்கு. நான் இங்கயே நிக்கறேன்.”

நர்ஸம்மா பெட்ரோலைச் சாக்காகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

 என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். கல்யாணமாகிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாலையும் கழுத்துமாக, சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நடந்தாள். மேளம் நின்றுவிட்டது. நானும் பின்னால் போனேன்.

“கைய நீட்டுங்கம்மா” என்றாள்.

நர்ஸம்மா நீட்டினார். அவள் தண்ணீரை ஊற்றி, தட்டிலிருந்த மஞ்சளைக் குழைத்து, நகக்கண் வரை தேய்த்து, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அம்மா அட்சதைத் தட்டை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புழுதியிலேயே விழுந்து கும்பிட்டோம்.

 பிறகு தலையில் அரிசி விழுந்தது, இரண்டு கையும் இறங்கி அழுத்தின. எவ்வளவு தேய்த்தும் வாடை போகவில்லை. மஞ்சளும் பெட்ரோலும் கலந்து மூக்கில் ஏறியது. பக்கத்தில் குனிந்திருந்தவள் தும்மினாள். நர்ஸம்மாதான் முதலில் சிரித்தார்.